எல்லா முக்கோணமும் ஒரே பக்கம் பார்க்கின்றன

இதனால் மனிதகுலம் முழுமைக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: உலோகத்தின் மேற்பரப்பில், கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாத நுட்பத்தில், இயற்கை அன்னை தன் திருக்கரத்தால் முக்கோணங்களை வரைந்து வைத்திருக்கிறாள். படைப்பு தொடங்கிய நாள்முதல் அவள் ஒளித்து வைத்திருந்த இந்த இரகசியத்தை எமது ஆய்வு நிறுவனம், எமது இயக்குநரின் ஈடு இணையற்ற தலைமையில், வெளிக்கொணர்ந்துள்ளது. வருகிற வெள்ளிக்கிழமை மாலை பெரிய அரங்கில் உலகப் பிரகடன விழா. அனைவரும் திரண்டு வருக! தேநீர் உண்டு.

இந்த அறிவிப்பு நிறுவனத்தின் எல்லாச் சுவர்களிலும், லிஃப்டுக்கு உள்ளேயும், ஆண்கள் கழிப்பறைக் கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது. வாசகம் முழுக்க இயக்குநருடையது. கடைசி இரண்டு சொற்களை மட்டும் ஆபீஸ் கிளார்க் தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்திருந்தார். பிற்பாடு தெரியவந்தபடி, அந்த அறிவிப்பில் நம்பும்படி இருந்தவை அந்த இரண்டு சொற்கள்தான்.

முக்கோணங்களைப் படம் பிடித்த புண்ணியவதியை அங்கே எல்லோரும் 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பதால் அல்ல. பேச்சு குத்தும் என்பதாலும் அல்ல... சரி, அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் அவள் வேலையே ஊசிதான். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், அவளுடைய நுண்நோக்கி இருந்தது. அதற்கு லென்ஸ் கிடையாது. நுனி சில நானோமீட்டரே அகலமுள்ள ஓர் ஊசிதான் அதற்குக் கண். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் முகத்தை விரலால் தடவிப் பார்ப்பதுபோல அது ஓர் உலோகத் தகட்டை வரிவரியாகத் தடவி, மேடு பள்ளத்தைப் படமாக்கும். கூடவே எந்தப் புள்ளியில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்றும் அளக்கும். அதாவது, தகட்டில் எந்த இடம் உழைக்கிறது, எந்த இடம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். இப்படியொரு கருவி தம் நிறுவனத்திலேயே இருப்பதில் இயக்குநருக்கு உள்ளூர ஒரு பயம்.

கதை தொடங்கியது ஒரு மழை நாளில். காதல் கதைகள் வெயிலில் தொடங்கக் கூடாது என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

அன்று மதியம் ஊசி, தன் ஊசியைத் தகட்டை நோக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். வேறு இடங்களில் இதைக் கருவியே தானாகச் செய்துகொள்ளும். இங்கே அந்தப் பாகம் பழுதாகி மாதக்கணக்காகிறது. அதை மாற்ற வேண்டிய நேரத்தில் நிறுவன வாசலில் இயக்குநர் ஓர் அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே கையால்தான் இறக்க வேண்டும். திருகை மயிரிழை திருப்ப வேண்டும்... திரையைப் பார்க்க வேண்டும்... இன்னொரு மயிரிழை... மூச்சைக்கூட அளந்து விட வேண்டும்...

கதவு படாரென்று திறந்தது.

வாசலில் ஒருவன் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கையில் குடை... குடையா அது? காற்று அதை உள்வெளியாகத் திருப்பி ஒரு பூச்சாடி ஆக்கியிருந்தது. சட்டைக்குள்ளே ஒரு சின்னப் பெட்டியைக் குழந்தையை அணைப்பதுபோல அணைத்துப் பிடித்திருந்தான். பெட்டி மட்டும் நனையவில்லை.

"வெளிய போங்க!"

"வெளிய மழைங்க."

"இது என்ன பஸ் ஸ்டாப்பா, மழைக்கு ஒதுங்க? கதவுல எழுதியிருக்கறதைப் படிக்க மாட்டீங்களா?"

"படிச்சேனே. 'மூச்சு விடாதீர்கள்'னுதான் போட்டிருக்கு. உள்ள வராதேன்னு எங்கயும் போடலையே?"

"அப்ப மூச்சு விடாதீங்க!"

அவள் கடுப்பில் சொன்னாள். அவன் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டான். கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றுவிட்டான். உப்பிய கன்னத்துக்கு மேலே அந்தக் கண்கள் அகலமாக விரிந்தன. கறுத்த, பெரிய, கொஞ்சம் திருட்டுத்தனமான கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது...

'ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீள இமை? வேஸ்ட்...' என்று நினைத்தாள் ஊசி. நினைத்துக்கொண்டே பார்த்தாள். பார்த்துக்கொண்டே... கை தன் பாட்டுக்குத் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தது.

வாசகர்களிடம் மறைப்பானேன்? அந்த நொடியில் ஊசி தகட்டில் மோதியது. நானோ அளவில் அது ஒரு ரயில் விபத்து, சத்தம்தான் வராது. கூரான நுனி பொட்டென்று ஒடிந்து, மூன்று மூலைகளோடு ஒரு மொட்டைக் குச்சி மிஞ்சியது. திரையில் ஒரு கோடு துள்ளி அடங்கியது. திரையைப் பார்க்க வேண்டியவள் மழைத்துளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துளி விழுந்தது. அவன் முகம் சிவக்க ஆரம்பித்தது. 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கையால் கேட்டான்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "விடுங்க, விடுங்க! செத்துகித்துப் போயிடாதீங்க. நான்தான் பதில் சொல்லணும்."

"அப்பாடா..." என்று அவன் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. "நான் பேட்டரி கம்பெனிலேருந்து வரேங்க. கெமிஸ்ட். இந்தத் தகட்டை ஆபீஸ்ல குடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. தெறந்திருந்த மொதக் கதவு இதுதான்."

"ஆபீஸ்ல சாப்பிடப் போயிருப்பாங்க. சாயந்திரம் வரைக்கும் சாப்பிடுவாங்க. இங்கயே குடுங்க."

அவள் பெட்டியை வாங்கினாள். விரல் நுனியில் விரல் நுனி ஒரு நானோமீட்டர் பட்டது. இரண்டு பேரும் அது தற்செயல் என்பதுபோல நடித்தார்கள். இரண்டு பேரும் மோசமான நடிகர்கள்.

மறுநாள் அந்தத் தகட்டை வைத்துப் படம் எடுத்தாள். திரையில் வரிவரியாக வந்து நிறைந்தது... முக்கோணங்கள்! நூற்றுக்கணக்கில். ஒரே அளவு, ஒரே வடிவம், அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள் மாதிரி. மின்னோட்டப் படத்திலும் அதே முக்கோணங்கள் ஒளிர்ந்தன.

மற்ற நாளாக இருந்தால் அவளே கேட்டிருப்பாள்: இதென்ன கூத்து என்று. ஆனால் அந்த வாரம் அவளுக்கு எல்லாமே அழகாகத் தெரிந்தது. லிஃப்டின் கிறீச் சத்தம் சங்கீதமாகக் கேட்டது. காபி மிஷினின் கழுநீர் காபிபோல ருசித்தது. அறிவு என்கிற சாமான் ஊருக்குப் போயிருந்தது.

இயக்குநர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். அவர் பேசுவதற்கு முன்னால் எப்போதும் ஒரு நிமிடம் தம்மையே மதித்து மௌனம் காப்பார்.

"இது வெறும் படம் இல்லம்மா," என்றார். "இது இயற்கையின் கையெழுத்து."

"இன்னும் சில தகடு எடுத்துப் பாத்துட்டு..."

"எடு, எடு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. இந்தப் பிரகடனம் நடக்குது, மேடையிலயே உன் வேலையை நிரந்தரம்னு அறிவிக்கிறேன். ஒப்பந்தத்துல எத்தனை வருஷம் ஓட்டுவே?"

ஒப்பந்தம் அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதிர்ஷ்டவசமாக, இன்னும் சில தகடுகள் தாமாகவே வந்தன. பேட்டரிக்காரன் வாரம் தவறாமல் ஒரு பெட்டியோடு வந்து நின்றான்.

"தகடு சௌக்கியமா?"

"சௌக்கியம். கூரியர்ல அனுப்பலாமே? உங்க ஊர்ல கூரியர் இல்லையா?"

"கூரியர்காரன் மூச்சைப் பிடிப்பானா? நான் பிடிப்பேன். ட்ரெயினிங் ஆயிருக்கு."

"ரொம்பத்தான்..."

காபி மிஷின் அருகே நிற்பார்கள். அது ஒரு கோப்பையை நிரப்ப எடுத்துக்கொள்ளும் நேரம் அநியாயம் என்று நிறுவனமே புகார் சொன்னது. அவர்கள் இருவருக்கு மட்டும் அது போதவில்லை. தகட்டின் துரு, பூச்சு, பஸ் கூட்டம், இயக்குநரின் வளைவு... எதைப் பேசினாலும் கடைசியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் நான்கு தகடு வந்தது. நான்கிலும் அதே முக்கோணம், அச்சுப் பிசகாமல். இயக்குநர் சுவரொட்டி அடித்தார்.

வீட்டில் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் மகள் பெருமை பாடாத பாடம் இல்லை.

"என் பொண்ணு முக்கோணம் கண்டுபிடிச்சிருக்கா தெரியுமா?"

பக்கத்தில் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்திருந்த மாணவர் பயந்துகொண்டே கேட்டார்: "முக்கோணம் ஏற்கெனவே இருக்கே சார்... பள்ளிக்கூடத்துலயே போட்டிருக்கோமே..."

"கிளட்ச்சை விடாத! ரோட்டைப் பாரு! முக்கோணமாம், பள்ளிக்கூடமாம்..."

இப்படி எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோதுதான் பேட்டரிக்காரன் வாயைத் திறந்தான். காபி மிஷின் அருகேதான். அவன் கையில் படத்தின் ஒரு பிரதி இருந்தது.

"ஒரு சின்னச் சந்தேகம். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க மாட்டேன். கேளுங்க."

"எல்லா முக்கோணமும் ஒரே பக்கம் பாக்குதே... ஏன்?"

அவள் கையில் இருந்த கோப்பை பாதி வழியில் நின்றது.

"படிகம்னா அப்படித்தான் இருக்கும். ஒரே திசையில வளந்திருக்கும்."

"இல்லீங்க... தகட்டு மேல இந்தப் பூச்சைப் போட்டது நான். அதுக்கு அவ்வளவு ஒழுங்கெல்லாம் கெடையாது. கண்ட பக்கம் வளரும். ஒருவேளை... ஊசி மொட்டையா இருந்தா? மொட்டை ஊசி ஒரு சின்ன மேட்டைத் தடவினா, மேட்டோட உருவம் வராதுல்ல? ஊசியோட உருவந்தானே வரும்?"

"அதாவது நான் இத்தனை நாளா என் ஊசியையே படம் எடுத்துட்டு இருக்கேன்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லல..."

"அப்படித்தான் சொல்றீங்க. கூழாங்கல் மேல நடந்துட்டு, கல்லெல்லாம் என் பாதம் மாதிரியே இருக்குன்னு சொன்ன முட்டாள்னு சொல்றீங்க."

"ஐயோ, அந்த உதாரணம் எனக்குத் தோணவே இல்ல! நல்லா இருக்கு, ஆனா நான் சொல்லல. தகட்டைக் கால்வாசி திருப்பி வெச்சு இன்னொரு தடவை எடுங்க. நெஜ முக்கோணம்னா கூடவே திரும்பும். திரும்பலைன்னா..."

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தறவங்க எனக்கு மைக்ரோஸ்கோப் சொல்லித்தர வேணாம்."

அது கொஞ்சம் அதிகப்படி. சொன்ன மறுகணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெரிய கண்கள் ஒரு தடவை மூடித் திறந்தன. அவ்வளவுதான். அவன் கோப்பையை மெல்ல வைத்தான்.

"இப்பல்லாம் பேட்டரிக்கு யாருங்க தண்ணி ஊத்தறாங்க..." என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பிறகு அவன் வரவில்லை. காபி மிஷின் மறுபடியும் கழுநீர் ஊற்றியது. லிஃப்ட் கிறீச்சிட்டது. ஊசி யாரைப் பார்த்தாலும் வள்ளென்று விழுந்தாள்.

'அவன் சொல்றது சரியா இருந்தா? சேச்சே. இருக்காது. இருந்தா வேலை போச்சு. அப்பா முகத்துல எப்படி முழிக்கறது? இருக்காது...' தகட்டைத் திருப்பிப் பார்க்க ஒரு மதியம் போதும். அவள் அந்த மதியத்தை வேறு எதற்கோ ஒதுக்கினாள். எல்லா மதியங்களையும் ஒதுக்கினாள்.

விழாவுக்கு முதல் நாள் காலை. பெரிய அரங்கில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையின் முழு அகலத்துக்கு முக்கோணப் படம். அதன் மூலையில் முக்கோணங்களை ஆசீர்வதிக்கும் பாவனையில் இயக்குநர். ஏணிமேல் இருந்த இருவரும் பேனரை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டிவிட்டார்கள். இயக்குநர் படத்தில் படுத்துக் கிடந்தார்.

"யோவ்! திருப்பிக் கட்டுய்யா! முக்கோணம்லாம் பக்கவாட்டுல பாக்குது!" என்று கீழேயிருந்து அசல் இயக்குநர் கத்தினார். "மேல பாக்கணும்யா, மேல! வளர்ச்சி தெரியணும்!"

ஏணிக்காரர்கள் பேனரைத் திருப்பினார்கள். முக்கோணங்கள் எல்லாம் கூடவே திரும்பி, சமர்த்தாக மேலே பார்த்தன.

ஊசி அரங்கத்தின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனரைத் திருப்பினால் முக்கோணம் திரும்புகிறது. ஏணிமேல் நிற்கிறவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்... அவள் செய்யவில்லை.

விறுவிறுவென்று படியிறங்கினாள். அடித்தள அறைக் கதவைச் சாத்தினாள். தகட்டைக் கால்வாசி திருப்பி வைத்தாள். ஊசியை இறக்கினாள். இந்தத் தடவை திரையை மட்டும் பார்த்தாள்.

ஒரு வரி... இரண்டு வரி... பத்து வரி... படம் மெல்ல மெல்ல மேலேறியது. அவள் நகத்தைக் கடித்தாள். பாதிப் படத்திலேயே தெரிந்துவிட்டது. முழுதாக வரும் வரை உட்கார்ந்திருந்தது ஒரு மரியாதைக்காகத்தான்.

எல்லா முக்கோணமும் முன்பு பார்த்த அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் போனை எடுத்தாள்.

"ஹலோ..."

"தகட்டைத் திருப்பிட்டேன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. பிறகு தயங்கித் தயங்கி: "திரும்பலையா?"

"திரும்பல." போனை மறு காதுக்கு மாற்றினாள். "தண்ணி ஊத்தறவங்கன்னு சொன்னது... தப்பு. நேர்ல சொல்லணும். வர முடியுமா?"

"கீழதான் நிக்கறேன்."

"கீழயா? எங்க?"

"உங்க வளைவுக்குக் கீழ. சும்மா... இந்தப் பக்கமா ஒரு வேலை. மழை வேற..."

பேட்டரி கம்பெனி நகரத்தின் இன்னொரு கோடியில் இருக்கிறது. இந்தப் பக்கமாக அவனுக்கு என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அந்த வளைவுக்கு அன்றுதான் முதல்முறையாக ஓர் உபயோகம் கிடைத்தது.

பெட்டியிலிருந்து புது ஊசியை எடுத்து மாட்டினாள். அவன் கதவருகே நின்று, யாரும் சொல்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டான். "பரவால்ல, விடுங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமல். திரும்பிப் பார்ப்பதன் விலை அவளுக்கு இப்போது தெரியும்.

இரண்டு பேரும் திரையின் முன் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். வரிவரியாக வந்தது படம். முக்கோணம் இல்லை. ஒன்றுகூட இல்லை. ஒழுங்கில்லாத துகள்கள், சின்னதும் பெரியதும், உருண்டையும் நீளமுமாக, மழையில் நனைந்த கூழாங்கற்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பக்கத்தில் மின்னோட்டப் படம். துகள்களின் நடுப்பகுதி எல்லாம் இருட்டு. ஆனால் ஒரு துகளும் இன்னொரு துகளும் ஒட்டும் விளிம்பில் மட்டும்... மெல்லிய தங்கக் கோடு. கோடு கோடாக, வலை பின்னினாற்போல, திரை முழுக்க மின்னியது.

"அம்மாடி..." என்றான் அவன்.

"ரெண்டு துகள் சேர்ற எடத்துலதான் வேலையே நடக்குது. தனித்தனியா இருக்கற எடத்துல ஒண்ணும் இல்ல."

"அப்ப பூச்சை இன்னும் பொடித்துகளா போட்டா, சேர்ற எடம் ஜாஸ்தியாகும். பேட்டரி..." அவன் நிறுத்தினான். "முக்கோணத்தைவிட இது அழகா இருக்குங்க."

"ம்..."

சிறிது நேரம் இரண்டு பேரும் பேட்டரியைப் பற்றியே நினைப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆமா," என்றான் அவன். "அந்த ஊசி எப்ப ஒடஞ்சிருக்கும்?"

அவளுக்குக் காது சுட்டது. நன்றாகத் தெரியும். திரையில் துள்ளி அடங்கிய அந்தக் கோடு இப்போது ஞாபகத்தில் பளிச்சென்று நின்றது. உப்பிய கன்னம், இமை நுனியில் துளி...

"தெரியல," என்றாள். தப்பை ஒப்புக்கொள்ளத் தயாராகிவிட்டாள். தப்புக்குக் காரணத்தை ஒப்புக்கொள்ளத்தான் ரோஷம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். புதுப் படத்தையும் பார்த்தார்.

"இது பார்க்க ஒழுங்கா இல்லையேம்மா."

"ஆனா இதுதான் சார் உண்மை."

"உண்மை எங்க போயிடப் போகுது? விழா முடியட்டும். அடுத்த மாசம் யாரும் படிக்காத ஒரு மூலையில திருத்தம் போட்டுக்கலாம். பத்திரிகைக்காரங்க வராங்க. முக்கோண வடிவத்துல கேடயமே அடிச்சாச்சு. நீ மேடையேறி நன்றி மட்டும் சொல்லு. வேற ஏதாவது சொன்னே... மாசக் கடைசி ஞாபகம் இருக்குல்ல?"

மாலை. அரங்கம் நிரம்பியிருந்தது, அறிவிப்பின் கடைசி இரண்டு சொற்களுக்கு அவ்வளவு சக்தி. முதல் வரிசையில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், மூச்சு முட்டும் பெருமையோடு. கடைசி வரிசையில் அவன். இயக்குநர் இயற்கையையும் தம்மையும் மாறி மாறிப் பாராட்டிவிட்டு அவளை அழைத்தார்.

ஊசி மைக்கைப் பிடித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, பார்த்துவிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த பேனர்ல இருக்கற முக்கோணம் எதுவும் தகட்டுல இல்லை. அது என் ஊசியோட ஒடஞ்ச நுனி. நுனி ஒடஞ்சதைப் பாக்காம நான் படம் எடுத்துட்டேன். தப்பு என்னுது. நேத்து புது ஊசி போட்டு எடுத்த படம் இதோ..."

அரங்கத்தில் ஒரு சலசலப்பு. இயக்குநர் நாற்காலியோடு ஒட்டிப்போனார். அவள் தங்கக் கோடுகளைக் காட்டினாள். துகளும் துகளும் சேரும் இடம்தான் உழைக்கிறது என்று எளிமையாகச் சொன்னாள். முடித்தபோது ஒரு நிருபர் எழுந்தார்.

"மேடம், ஒரு கேள்வி. ஊசி எப்படி ஒடஞ்சது?"

"கவனம் சிதறிடுச்சு."

"எதனால?"

எதையாவது சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். தூக்கமில்லை, தலைவலி, கருவிப் பழுது... எத்தனை பொய் இல்லை? ஆனால் அன்று அவள் பொய்யைத் துடைத்துப் போடுகிற வேகத்தில் இருந்தாள், கை நிற்கவில்லை.

"ஒருத்தர் மழையில நனைஞ்சுகிட்டு உள்ள வந்தார். அவர் கண்ணைப் பாத்துட்டு நின்னுட்டேன்."

நிருபரின் பேனா பாதியில் நின்றது. பிறகு எங்கோ ஒரு சிரிப்பு... இன்னொன்று... அப்புறம் கூரை அதிரக் கைதட்டல். முதல் வரிசையில் அப்பா எழுந்து நின்று பின்னால் திரும்பினார்.

"யாரு அவன்?"

முன்னூறு தலைகள் திரும்பின. கடைசி வரிசையில் ஒருவன் கன்னத்தை உப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறு யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

கைதட்டல் நீடித்ததால் இயக்குநருக்கு இதெல்லாம் தம் யோசனையாகவே தோன்ற ஆரம்பித்தது. பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "நேர்மை! இதுதான் எமது நிறுவனம் உலகத்துக்குப் பிரகடனம் செய்ய விரும்பிய மாபெரும் கண்டுபிடிப்பு! இந்தப் பெண்ணின் பணி இன்று முதல் நிரந்தரம்!" என்று முழங்கி, முக்கோணக் கேடயத்தை அவள் கையில் திணித்தார். நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். எழுதியாகிவிட்டதால் அவரால் பின்வாங்க முடியவில்லை.

வாசலில் அப்பா பேட்டரிக்காரனை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"நல்லது. தப்பாக் கத்துக்கிட்டு வர்றவனைத்தான் திருத்த முடியாது." மகள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "முக்கோணம் போனா போகட்டும் பாப்பா. அத்தனை பேர் முன்னாடி பிரேக் போட்ட பாரு... அது எல்லாருக்கும் வராது. நான் வண்டில முன்னாடி போறேன். நீ பஸ்ல வா. மெதுவா வா."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பின் தகரக் கூரை தாளம் போட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, ஈரச் சாலையில் வெளிச்சம் நீளநீளமாகக் கரைந்தது. இரண்டு பேர் மட்டும் நின்றிருந்தார்கள்.

"மைக்ல சொன்னீங்களே... நெஜமாவா?"

"மறுபடி சொல்லணுமா? முன்னூறு பேர் சாட்சி போதாதா?"

"எனக்கு மட்டும் ஒரு தடவை."

"நெஜம்." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இமையெல்லாம் நல்லா இருக்கு. போதுமா?"

அவன் தொண்டையைக் கனைத்தான். "அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். அடிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நாலு தகடு கொண்டாந்தேன்ல... அது நாலு தகடு இல்ல. ஒரே தகடு. மொத நாளுக்கு அப்புறம் கம்பெனி குடுத்தது ஒண்ணுதான். நாலா வெட்டி வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொண்ணா..."

அவள் வாயைப் பிளந்தாள். "அடப்பாவி! நாலு தகட்டுலயும் ஒரே மாதிரி வந்துச்சேன்னு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! சுவரொட்டியே அதை நம்பித்தான் அடிச்சாங்க!"

"தெரியும். அதனாலதான் அன்னிக்கு மனசு கேக்காம வாயைத் தொறந்தேன். உங்களைப் பாக்கணும், அதுக்குக் கையில ஏதாவது வேணும்... வேற என்ன கொண்டு வரது? எனக்குத் தகடுதான் தெரியும்." கண்கள் நேராக அவளைப் பார்த்தன. "இனிமே வெட்ட மிச்சம் இல்ல. சும்மாவே வரலாமா... தினமும்?"

அவள் முக்கோணக் கேடயத்தால் அவன் தோளில் ஒன்று வைத்தாள், வலிக்காமல். "வாங்க. எனக்கும் உங்களைப் பாக்கப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு... ஆனா நான் ஊசி இறக்கறப்ப மட்டும் கண்ணை மூடிக்கணும்."

"மூச்சு?"

"விட்டுக்கலாம்."

பஸ் ஒன்று வந்து நின்றது. உள்ளே விளக்கு அணைந்திருந்தது; ஒரு பயணியும் இல்லை. உலகமே தங்களுக்காக ஒரு பஸ்ஸைக் காலி செய்து அனுப்பியிருப்பதாக இரண்டு பேருக்கும் தோன்றியது. ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை விரல் விரலைத் தொட்டது தற்செயல் இல்லை. யாரும் நடிக்கவும் இல்லை. கண்ணாடியில் மழை வழிந்தது, தெரு வழுக்கிக்கொண்டு பின்னால் போனது, எங்கே போகிறோம் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை...

பஸ் டெப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தது.